அத்தான் மனசுக்கு ஒரு கட்டம்

எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் எனக்கு மனசு அடங்கும், சார். சிலிண்டர் எத்தனை நாள் வந்தது, செருப்பு எத்தனை மாதம் உழைத்தது, எல்லாம் என் கணினியில் இருக்கும். பம்பு உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் சரக்கிருப்பு எழுதுகிறவன் நான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் போடாவிட்டாலும் அளந்து வைப்பேன்.

பங்குச் சந்தையில் ஆப்ஷன் வியாபாரத்துக்கு வந்தபோதும் அப்படித்தான். சந்தை ஏறும் என்று நம்புகிறவர்கள் 'கால்' வாங்குவார்கள், இறங்கும் என்று பயப்படுகிறவர்கள் 'புட்' வாங்குவார்கள். எது எத்தனை என்று தினமும் எழுதி வந்தால் கூட்டத்தின் மனசு தெரியும் என்று படித்தேன். ஒரு எக்செல் ஷீட் திறந்தேன். கால் எத்தனை, புட் எத்தனை, காலைச் செய்தியின் தொனி எப்படி, கடைசியில் மனநிலைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு மதிப்பெண். ஒன்று என்றால் கிலி, ஐந்து என்றால் குதூகலம். ஏழு மாதம் விடாமல் எழுதினேன். ஷீட் பார்க்க லட்சணமாக இருந்தது. கைக்காசுதான் கரைந்தது.

அத்தானும் இதே வியாபாரத்தில் இருந்தார். என் அக்கா வீட்டுக்காரர், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். தினமும் சந்தை திறக்கும் முன் எனக்குப் போன் போடுவார். இன்றைக்கு ஏறும், உள்ளுக்குள் சொல்கிறது என்பார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் சந்தை எதிர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். விளையாட்டாக அவருக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினேன். மூன்று மாதத்தில் அறுபத்தொரு போன், அதில் நாற்பத்தெட்டு தப்பு. இத்தனை செய்தித்தாள் சொல்லாததை ஒரு மனுஷன் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் எதை வாங்குகிறாரோ அதற்கு எதிரானதை வாங்க ஆரம்பித்தேன்.

அதுவரை தப்பு ஒன்றும் இல்லை என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். அவர் ஜெயித்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

போன வருஷம் ஒருநாள் என் ஆபீசுக்கே வந்தார். பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"போதும் மாப்ளே. உங்க அக்காகிட்ட சத்தியம் பண்ணிட்டேன். இனிமே கடைய மட்டும் பாத்துக்கறேன்."

நல்ல முடிவு என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த பத்து நாள் அவர் கட்டம் காலியாகக் கிடந்தது. நானாக யோசித்து வாங்கியதில் எட்டு நாள் நஷ்டம். சும்மா சொல்லுங்கள் அத்தான், ஏறுமா இறங்குமா என்று கேட்டும் பார்த்தேன். பாதிக்குப் பாதி சரியாகச் சொன்னார். சொந்தக் காசு வைக்காதபோது மனுஷனுக்குப் புத்தி தெளிந்துவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்?

அதனால் இன்னொரு ஷீட் தயார் செய்தேன். அதே தேதிகள், அதே கட்டங்கள். சரி இருந்த இடத்தில் தப்பு, தப்பு இருந்த இடத்தில் சரி. அச்செடுத்து அவர் கடைக்குக் கொண்டுபோனேன். "உங்க கணிப்பெல்லாம் சரிதான் அத்தான். வித்துட்டு வெளிய வர்ற நேரத்தைத்தான் கோட்டை விட்டுட்டீங்க. மனசுல தெம்பு இருந்தாப் போதும்" என்றேன்.

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கண் கலங்கிவிட்டது. தன்னைப் பற்றி யாரும் இவ்வளவு அக்கறையாக எழுதி வைத்ததில்லை என்றார். கண் சோதிக்கும் பலகைக்குப் பக்கத்திலேயே அந்தத் தாளை ஒட்டினார். மறுநாள் காலை போன் வந்தது. ஐந்து என்று போட்டேன்.

கடை அடமானத்துக்குப் போனபோது அக்கா அழுதாள். "நீ சொன்னா கேப்பாரு தம்பி. நிறுத்தச் சொல்லு" என்றாள். சொல்கிறேன் என்றேன். அவள் குரலுக்கும் ஒரு கட்டம் திறந்தேன். அவள் அழுத மறுநாளெல்லாம், விட்டதைப் பிடிக்க அத்தான் இரட்டிப்பாக வாங்குவது அதில்தான் தெரிந்தது. நானும் இரட்டிப்பாக வாங்கினேன். எனக்கு அவ்வளவு நல்ல வருஷம் அமைந்ததே இல்லை. அக்கா மகளின் கல்லூரிக் கட்டணத்தை நான்தான் கட்டினேன். அதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் போனில் அவர் ஏறும் என்றும் சொல்லவில்லை, இறங்கும் என்றும் சொல்லவில்லை.

"எல்லாம் தெளிவாயிடுச்சு மாப்ளே. அக்காவப் பாத்துக்க."

குரலில் நடுக்கம் இல்லை. அது ஒன்றா ஐந்தா என்று எவ்வளவு நேரம் யோசித்தும் பிடிபடவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். மதியம் பக்கத்துக் கடை தையல்காரர் பாதி இறங்கியிருந்த ஷட்டரைத் தூக்கிப் பார்த்தார். மீதி உங்களுக்குத் தெரியும். அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது பொய். புரிந்தது. அன்றைய சந்தைக்கு அது எந்தப் பக்கம் என்றுதான் புரியவில்லை.

அவர் வியாபாரக் கணக்கும் கடைச் சுவரில் இருந்த தாளும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்தது உங்கள் திறமை. தயாரித்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். ஆனால் அக்காவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தாள்தான் அவளுக்கு இப்போது ஒரே ஆறுதல்.

"அவரு சரியாத்தானே கணிச்சிருக்காரு. அதை நான் நிரூபிக்க வேணாமா தம்பி?" என்று கேட்டாள். நகையை விற்றுக் கொஞ்சம் பணம் வைத்திருக்கிறாள். ஒரு மனைவியின் நம்பிக்கையைக் குலைக்க நான் யார்? மூன்று வாரமாகக் காலையில் அவள் போன் போடுகிறாள். சந்தை நடந்த பதினான்கு நாளில் பன்னிரண்டு தப்பு. அத்தானைவிடச் சுத்தம்.

அவளுக்கு என்னை விட்டால் வேறு ஆளில்லை, சார். அதைக் கொஞ்சம் மனதில் வைத்து, என்னைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினால் நல்லது.