மருமகளின் ஸ்லோவாக்

இர்விங் ஊருக்குப் போகும் ரயிலில் என் முன் சீட்டு ஆன்ட்டி, ஃபோனைப் பார்த்து ஏதோ ஒரு மொழியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண் என்னவென்று கேட்டாள்.

"ஸ்லோவாக். மருமக ஊர் பாஷை. நான் படிக்கிறது அவளுக்குத் தெரியாது."

"புரியுதா ஆன்ட்டி?"

"முன்னாடி தனித்தனி வார்த்தைதான் புரியும். இப்ப 'யார் வந்தாங்களோ அவங்க'ன்னு சேர்த்துப் பேசற ரிலேட்டிவ் ப்ரோநவுன் பாடம். நேத்து அவ அவங்கம்மாகிட்ட ஃபோன்ல பேசினப்ப முதல் தடவையா ஒரு முழு வாக்கியம் புரிஞ்சுது."

"என்ன சொன்னா?"

"'பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு யார் தினம் அழறாங்களோ, அவங்ககிட்ட நான் எப்படிம்மா பேசறது'ன்னு கேட்டா."

அந்தப் பெண் ஆன்ட்டி பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"குழாயை ஃபுல்லாதான் திறப்பேன்," என்றார் ஆன்ட்டி. "எப்படிக் கேட்டுதுன்னே தெரியல."