கேமராவுக்கு டிரைவர் கிடைக்கவில்லை

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் காசி. ரத வீதியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். பக்கத்து வீட்டு நல்லக்கண்ணுவின் கம்ப்யூட்டரைச் சித்திரையில் இடி தின்றுவிட்டது. உள்ளே ஹார்ட் டிஸ்க் மட்டும் குத்துக்கல்லாக இருந்தது. என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவர் மறுநாளே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனார். அது என் வேலை இல்லை, தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே டிஸ்க்கை என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். பொதுவாக இடம் மாறினால் பழைய சிஸ்டம் எழுந்திருக்காது. இது மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டது: திரைக்கு டிரைவர், பிரிண்டருக்கு டிரைவர், அதாவது அவற்றை ஓட்டும் புரோகிராம். கொடுத்தேன், எழுந்துவிட்டது. அவர் வைத்திருந்த மகள் படம், அவர் கணக்கு, எல்லாம் அப்படியே. மூலையில் மட்டும், இந்த சிஸ்டம் அசல்தானா என்று உறுதிசெய்யச் சொல்லி ஒரு வரி நின்றது.

உடனே திரையில், மஸ்கட்டிலிருந்து அவர் மகள் இசக்கிசெல்வியின் செய்தி. "சாப்பிட்டியளாப்பா?"

சாவைச் சொல்லத்தான் கை வைத்தேன். என்னை அப்படி ஒருத்தர் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது ஐயா. "சாப்பிட்டேன் மக்கா" என்று விரல் அடித்துவிட்டது.

தெருவில், தகவல் சொல்லியாயிற்று, வரமாட்டாளாம் என்றேன். எதிர்வீட்டு மீரா பீவி மூக்கைச் சிந்தினாள். "இவளும் பெத்த மவளா அண்ணாச்சி? மொகத்தப் பாக்கக்கூட வரலியே."

"லீவு இல்லியாம் தாயி."

கொள்ளி நான் வைத்தேன். அவர் போனைச் சட்டைப்பையில் வைத்தே அனுப்பினேன். சிதையில் அது வெடித்தபோது, மனுஷனுக்கு எலும்பு கெட்டி என்று ஒருத்தர் வியந்தார்.

மகளிடம் போன் தொலைந்துவிட்டது என்றேன். முகத்தைக் காட்டச் சொன்னாள். "கேமராவுக்கும் மைக்குக்கும் டிரைவர் கிடைக்கல மக்கா." பொய். முதல் நாளே கிடைத்துவிட்டது. இப்படியே மூன்று மாதம் அவள் அப்பாவாகப் பதில் அடித்தேன்.

இன்று ஆடித்தபசுக் கொடியேற்றம். காலையில் செய்தி வந்தது: "அப்பா, சொல்லாம வந்துட்டேன். கோயில்ல நிக்கேன். உங்க ஒடம்புக்காக ஆடிச்சுத்து நேந்திருக்கேன். முடிச்சுட்டு வாரேன். சாப்பிடாம இருங்க, சேந்து சாப்பிடுவோம்."

பூட்டிய வீட்டுக்கு அவள் வருவதற்குள் நான் இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். எரித்துவிட்ட உடம்புக்காக அவள் இப்போது வெறுங்காலில் கோயிலைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். யாரையும் அனுப்பி இடையில் நிறுத்திவிடாதீர்கள். நேர்த்திக்கடன்.

டீ ஆறுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். சாப்பிடாமல் இருக்கச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை சொன்னதைத் தட்ட முடியுமா ஐயா?