பத்தாவது துணி

— கை வைக்காதீங்க! முதல்ல எண்ணுங்க.

— துணியையா? கிழிச்ச பெட்ஷீட்டை எண்ணிட்டு எஞ்சினைக் கழட்டுற ஒரே வீடு நம்ம வீடாத்தான் இருக்கும்.

— இருக்கட்டும். சத்தமா எண்ணுங்க, நானும் கூடவே எண்ணுறேன்.

— ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... எட்டு, ஒன்பது, பத்து. பத்து துணி. போதுமா சிஸ்டர்?

— கட்டின பொண்டாட்டியை சிஸ்டர்னு கூப்பிடாதீங்க. கேக்குறவங்க சிரிக்கிறாங்க.

— ஆஸ்பத்திரியே அப்படித்தான் கூப்பிடுது. எனக்கு மட்டும் தடையா?

— சாக்பீஸைக் குடுங்க, சுவத்துல எழுதிடறேன். துணி பத்து. போல்ட் ஏழு. ரப்பர் குழாய் நாலு. ஒயர் பிளக் மூணு. எது வண்டிக்குள்ள போகுதோ அது எண்ணிப் போகணும். எது வெளியே வருதோ அது எண்ணி வரணும்.

— இது ஆபரேஷன் தியேட்டர் இல்லம்மா, கார் ஷெட்டு.

— வயித்தைத் திறந்தாலும் எஞ்சினைத் திறந்தாலும் ஒண்ணுதான். பேட்டரி ஒயரை எடுத்தாச்சா?

— அதெல்லாம் காலையிலேயே. கவலையே படாதே. வீடியோவை ஆறு தடவை பாத்திருக்கேன். காத்துக் குழாயைக் கழட்டணும், அப்புறம் எஞ்சினுக்குக் காத்தைப் பிரிச்சு விடுற இந்த இன்டேக் மேனிஃபோல்டை அப்படியே தூக்கணும், புதுசை வைக்கணும், முறுக்கணும். முடிஞ்சுது.

— ஆறு தடவை பாத்தவர் முதல் போல்ட்டையே எதிர்ப் பக்கம் திருப்பிக்கிட்டிருக்கீங்க.

— ம்... அது சும்மா, இறுக்கமா இருக்கான்னு பாத்தேன்.

— கழட்டினதை இந்த ஐஸ் ட்ரேயில போடுங்க. வரிசையா, ஒரு குழிக்கு ஒண்ணு. குழாய்க்கெல்லாம் பிளாஸ்திரி ஒட்டி நம்பர் போட்டிருக்கேன், பிய்ச்சுடாதீங்க.

— ஒரு கணக்கு வாத்தியாரை ஒண்ணாங் கிளாஸ்ல உக்கார வச்சுட்டியே. இந்தா, ஏழும் ட்ரேயில. பிடி அந்த முனையை. மெதுவா... தூக்கு. வந்துடுச்சு!

— திருப்புங்க, பாப்போம். அதோ பாருங்க, கீறல்! என் சுண்டு விரல் நீளம் இருக்கு.

— இந்தக் கீறல்தான் மூணு மாசமா விசில் அடிச்சு நம்ம உயிரை வாங்கியிருக்கு. காத்து போற குழாய் உடைஞ்சா எஞ்சின் எப்படி மூச்சு விடும்? உங்க அண்ணன் என்னடான்னா எஞ்சினே போச்சு, வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுன்னுட்டாரு.

— அண்ணன் நாலு மணிக்கு வர்றார். கயிறு கட்டி இழுத்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார்.

— வரட்டும். வந்து கயிறைச் சுருட்டிக்கிட்டுப் போகட்டும்.

— நம்ம பேச்சு ஞாபகம் இருக்கில்ல? இன்னிக்கு வண்டி ஓடினா, நாளைக்கு விசாரணைக்கு நேர்ல போறேன். ஓடலேன்னா, சாப்பாட்டு மேஜை மேல இருக்கிற கடிதத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன்.

— "என் எண்ணிக்கையில் தவறு நேர்ந்திருக்கலாம் என்று வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்." நாலு நாளா அதைப் படிச்சுப் படிச்சு எனக்கே மனப்பாடம். தப்பே பண்ணாதவ எதுக்குக் கையெழுத்துப் போடணும்?

— பண்ணலேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே இப்பத் தெரியல. அன்னிக்கு அந்தப் பேஷண்ட் அம்மாவுக்கு வயித்து ஆபரேஷன் முடியறப்போ, ரத்தம் ஒத்துற துணியில ஒண்ணு குறையுதுன்னு சொன்னேன். பெரிய டாக்டர் தையலைப் போட்டுக்கிட்டே, "நீ ஆரம்பத்துலேயே தப்பா எண்ணியிருப்பே, நேரத்தைக் கடத்தாதே"ன்னார். கூட எண்ணின சின்ன நர்ஸ் பொண்ணும், "சிஸ்டர் இருபதுன்னாங்க, நானும் இருபதுன்னேன்"னு கழண்டுக்கிச்சு. நான் விடாம நோட்டுல எழுதி வச்சேன். அதுக்குத்தான் இந்த விசாரணை. பதிமூணு நாளா ராத்திரி தூக்கத்துல கூட எண்ணிக்கிட்டிருக்கேன். ஒரு தடவை இருபது வருது, ஒரு தடவை பத்தொன்பது.

— துணி வயித்துக்குள்ளேயே இருந்தா அந்தம்மா கதி என்ன?

— உள்ளேயே சீழ் பிடிச்சுடும். நேர்ல போனா ஒரே ஒரு எக்ஸ்ரே எடுங்க, அந்தத் துணியோட இழை அதுல தெரியும்னு கேக்கலாம். கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் யாரும் எடுக்க மாட்டாங்க.

— அப்ப பஸ்ஸைப் பிடிச்சாவது போ!

— ரெண்டு பஸ் மாறி, விசாரணை நடக்கிற தலைமை ஆபீசுக்கு நூத்தம்பது கிலோமீட்டர் தனியா யோசிச்சுக்கிட்டே போனேன்னா, பாதி வழியிலேயே இறங்கித் திரும்பிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். சரி, பேசினது போதும். எஞ்சின்ல நாலு துளையும் வாயைத் திறந்துக்கிட்டு இருக்கு. தூசி விழாம ஒவ்வொண்ணுக்கும் ஒரு துணி.

— குடு, நான் அமுக்கறேன்.

— அப்படி முழுசா உள்ளே திணிக்காதீங்க! வால் விடணும். இதோ, இப்படி, ஒரு சாண் வெளியே தொங்கணும். பாத்த உடனே தெரியணும், இழுத்த உடனே வரணும். நான் வைக்கிற துணிக்கு வால் இல்லாம இருக்கவே இருக்காது.

— உத்தரவு. இப்பக் காத்து கசியாம ஒட்டியிருக்கிற பழைய கேஸ்கெட்டைச் சுரண்டட்டுமா?

— பிளாஸ்டிக் அட்டையால சுரண்டுங்க, இரும்பு வேண்டாம், கீறல் விழும். ம்... நல்லா வருது. இந்த மூலையில இன்னும் கொஞ்சம். போதும், துடைங்க. டார்ச் அடிங்க. முதல் துளை, துணி எடுத்தாச்சு, சுத்தம். ரெண்டு, சுத்தம். மூணு, சுத்தம். நாலு, சுத்தம். புதுக் கேஸ்கெட்டை உள்ளேயே வச்சுட்டேன் போல, எடுத்துட்டு வரேன். துளையை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க.

— போய்ட்டு வா. சிலை மாதிரி நிக்கிறேன்.

— ...வந்துட்டேன். இந்தப் பக்கம் யாராவது வந்தாங்களா?

— ஒரு ஈ, காக்கா கூட வரல.

— சரி, கேஸ்கெட்டை வைங்க. மேனிஃபோல்டை இறக்குங்க. நடுவுல இருக்கிற போல்ட்டை முதல்ல முறுக்கணும், அப்புறம் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி. முதல் சுத்து லேசா, ரெண்டாவது சுத்துதான் இறுக்கமா.

— என்ன மாப்ளே! வண்டிக்குப் பிரேத பரிசோதனையா?

— வாங்க மச்சான்! சரியான நேரம். கடைசிப் போல்ட்டை முறுக்கிக்கிட்டிருக்கேன்.

— பாப்பா, இந்தாளை நம்பி நீயும் கையைக் கறுப்பாக்கிக்கிட்டு நிக்கிறே பாரு. முப்பது வருஷமா ஸ்பேனர் பிடிக்கிறேன், நான் பாக்காத எஞ்சினா? தள்ளு, நான் பாக்கறேன். நடுவுலேருந்தா முறுக்கினீங்க?

— நடுவுலேருந்துதான் அண்ணே. ரெண்டு சுத்து.

— அட! குழாய் எல்லாம் மாறாம இருக்கே. பிளாஸ்திரி யோசனை யாரோடது?

— உங்க தங்கச்சியோடது. நான் வெறும் கம்பவுண்டர்.

— சரி சரி, வேலை மோசமில்ல. எஞ்சின் தேறுமான்னு சாவியைத் திருப்பினா தெரிஞ்சுடும். குடு மாப்ளே சாவியை.

— சாவி என் பையிலேயே இருக்கட்டும் மச்சான். நான்தான் திருப்புவேன்.

— யாரும் திருப்பக் கூடாது. எண்ணி முடிக்கல.

— என்னது, எண்ணணுமா?

— சுவத்தைப் பாருண்ணே. போல்ட் ஏழும் ஏறியாச்சு, ட்ரே காலி. குழாய் நாலு, சரி. பிளக் மூணு, சரி. துணி... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்பது. இன்னொண்ணு எங்கே?

— வண்டிக்கு அடியில பாரு.

— பாத்துட்டேன். பக்கெட்டுக்குப் பின்னால, உங்க பாக்கெட், குப்பைக்கூடை, எல்லாம் பாத்துட்டேன். ஒன்பதுதான் இருக்கு.

— ஒரு கந்தல் துணிக்கா பாப்பா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? காத்துல பறந்து போயிருக்கும்.

— ஷெட்டுக் கதவு சாத்தியிருக்குண்ணே. எந்தக் காத்து?

— ஆரம்பத்துலேயே ஒன்பதா இருந்திருக்கும்மா. அவசரத்துல ஒண்ணை ரெண்டு தடவை எண்ணியிருப்போம்.

— நீங்கதானே வாய் விட்டுப் பத்துன்னீங்க!

— நீ பத்துன்னே, நானும் கூடச் சேர்ந்து பத்துன்னேன்.

— ...என்ன சொன்னீங்க?

— நேரத்தைக் கடத்தாதேங்கிறேன். மச்சான் நின்னுக்கிட்டிருக்காரு.

— கேட்டுக்கோ பாப்பா. கணக்கு வாத்தியாரே ஒன்பதுங்கறாரு. ஆஸ்பத்திரியிலேயும் இப்படித்தான் ஒத்தைக் கால்ல நின்னு பேரைக் கெடுத்துக்கிட்டே. இங்கேயுமா? சுவத்துல இருக்கிறதை அழிச்சுட்டு ஒன்பதுன்னு எழுது, கதை முடிஞ்சுது.

— ஒருவேளை... ஒருவேளை நான்தான்...

— அழிக்கவாம்மா?

— இருங்க. அழிக்காதீங்க! இந்த பெட்ஷீட்டைக் கிழிச்சது யாரு?

— நீதான்.

— எப்படிக் கிழிச்சேன்? நீளவாக்குல அஞ்சு பட்டை. ஒவ்வொரு பட்டையையும் நடுவுல ரெண்டா. வாத்தியாரே, ஐரெண்டு எத்தனை?

— ...பத்து.

— சத்தமா!

— பத்து!

— பின்னே எப்படி ஒன்பது வரும்? நான் எண்ணினதுல தப்பு வரலாம், கிழிச்சதுல எப்படி வரும்? கழட்டுங்க.

— பாப்பா, ரெண்டு மணி நேர வேலை! இப்பத்தான் முறுக்கியிருக்கு!

— ரெண்டு நாள் ஆனாலும் சரிண்ணே. உள்ளே துணியோட நான் மூடவிட மாட்டேன். அன்னிக்கு என் பேச்சு எடுபடல, மூடிட்டாங்க. இது என் வீடு. ஸ்பேனரை எடுங்க ரெண்டு பேரும்.

— எடுங்க மச்சான். சிஸ்டர் சொல்லியாச்சு.

— அட கடவுளே... நான் கயிறோட வந்தேனா, ஸ்பேனரோட வந்தேனா? சரி, அந்தப் பக்கம் நீ பிடி மாப்ளே. நாலு... அஞ்சு... ஆறு... ஏழு. தூக்கு.

— டார்ச்சை இங்கே காட்டுண்ணே. முதல் துளை, காலி. ரெண்டாவது, காலி. மூணாவது... இன்னும் உள்ளே காட்டு. இதோ! இதோ இருக்கு!

— ஏய், ஆமா! உள்ளே போய் சுருண்டு கிடக்கே!

— வால் இல்ல... விரலை விட்டுத்தான் எடுக்கணும்.

— என்னம்மா முணுமுணுக்கறே?

— ஒண்ணுமில்ல. வந்துடுச்சு. பாருங்க! பத்து! பத்தாவது துணி! பத்துன்னா பத்துதான்!

— பாப்பா... இதோட சாவியைத் திருப்பியிருந்தா எஞ்சின் உறிஞ்சி இழுத்திருக்கும். அப்புறம் நிஜமாவே பழைய இரும்புதான். முப்பது வருஷம் ஸ்பேனர் பிடிச்சவன் நான், சுவத்தை அழிக்கச் சொன்னேன். வாயிலேயே ரெண்டு போட்டுக்கணும்.

— அண்ணே, நூல்!

— எந்த நூல்?

— ஆஸ்பத்திரியில துணி அஞ்சு அஞ்சா சிவப்பு நூல்ல கட்டி வரும். கட்டைப் பிரிச்சா நூலைத் தூக்கிப் போடமாட்டோம், நோட்டுல ஒட்டி வைப்போம். அன்னிக்கு நான் ஒட்டினது நாலு நூல். நாலஞ்சு இருபது! அந்தப் பொண்ணு ஆயிரம் மாத்திப் பேசட்டும், டாக்டர் கத்தட்டும், நோட்டுல நாலு நூல் ஒட்டியிருக்கே! பதிமூணு நாளா துணியையே எண்ணிக்கிட்டிருந்தேன், நூலை எண்ணவே தோணலையே எனக்கு!

— அப்போ நாளைக்கு?

— நாளைக்கு ஆறு மணிக்குக் கிளம்புறோம். முதல்ல அந்தம்மாவுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லணும். அப்புறம் நோட்டு. அப்புறம் அவங்க என்னை விசாரிக்கட்டும். இப்பப் பத்துத் துணியும் இந்த மேஜை மேல என் கண்ணு முன்னால இருக்கு. டார்ச் அடிச்சு நாலு துளையும் பாத்தாச்சு. முறுக்குங்க!

— ...ஆறு. ஏழு. முடிஞ்சுது சிஸ்டர்.

— இப்பத் திருப்புங்க.

— திருப்பறேன்... ஆஹா! கேட்டீங்களா மச்சான்? விசில் எங்கே? நடுக்கம் எங்கே?

— பூனை மாதிரி மெதுவா உறுமுதே! மாப்ளே, பாப்பா, ஒத்துக்கிட்டேன். தோத்துட்டேன். நாளையிலேருந்து என் பட்டறைச் சுவத்துலேயும் சாக்பீஸ்தான்.

— ஓடிக்கிட்டே இருக்கட்டும், அணைக்காதீங்க. உள்ளே மேஜை மேல ஒரு வேலை பாக்கி இருக்கு, முடிச்சுட்டு வரேன்.

— போறா பாருங்க மச்சான். பதிமூணு நாளா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நடந்தவ. இப்ப நடையைப் பாருங்க.

— அதிருக்கட்டும் மாப்ளே. டார்ச் அடிச்சு சுத்தம்னு பாத்த துளைக்குள்ள துணி எப்படிப் போச்சு?

— மெதுவாப் பேசுங்க. அவ கேஸ்கெட் எடுக்க உள்ளே போனா இல்ல, அப்ப நான்தான் வச்சேன்.

— அடப்பாவி! சொந்த வண்டிக்கேவா? அவ சரின்னு விட்டிருந்தா?

— சாவி என் பையிலதானே இருந்துது. அவ கழட்டச் சொல்லாம நான் திருப்பியே இருக்கமாட்டேன். நாளைக்கு அந்த அறையில அவளை மடக்கப்போற கேள்வியை எல்லாம் இன்னிக்கு இங்கேயே நான் கேட்டுடணும்னு நினைச்சேன். டாக்டர் சொன்னதையும் அந்தப் பொண்ணு சொன்னதையும் என் வாயாலேயே சொன்னேன். சொல்றப்போ நெஞ்சு வலிச்சுது மச்சான். அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க.

— என்ன, ரெண்டு பேரும் குசுகுசுங்கறீங்க? கடிதத்தை எட்டாக் கிழிச்சுட்டேன், வேணும்னா எண்ணிப் பாத்துக்கோங்க. அண்ணே, இவர் என்ன சொன்னாலும் தலையாட்டாதே. வாத்தியாரே, வண்டியை நாளைக்கு நீங்கதான் ஓட்டணும், என் பக்கத்துலேயே உக்காந்து வரணும். ஆனா அடுத்த தடவை துணி வச்சா வால் விட்டு வைங்க. மூணாவது துளையில விரலை விட்டப்பவே தெரிஞ்சுடுச்சு அது யார் வேலைன்னு.