அப்பாவை வெட்டிய இடம்

மாலை ஐந்து பத்துக்கு, கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண்மணி சட்டென்று திரும்பிப் பார்த்தார். எனக்குப் பின் இருக்கையில் இரண்டு கல்லூரி மாணவிகள். ஜன்னலோரம் இருந்தவள் அப்போதுதான் சொல்லியிருந்தாள்:

“எங்கப்பாவ வெட்டிட்டேன்ட்டி.”

“முழுசாவா?”

“கால் மட்டும் இருக்கு.”

வகுப்புக்காக மொபைலில் எடுத்து, மறுநாள் கல்லூரியில் திரையிடவிருந்த ஒரு படத்தின் தொடக்கக் காட்சியைப் பற்றிய பேச்சு அது.

“பழைய லுங்கியோட வாங்கன்னு சொன்னேன். ‘படம்லா எடுக்க’ன்னு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில வந்து நிக்காவ, கரிசக்காட்டுல. மூஞ்சிக்கு வெளிச்சம் வச்சா சட்டை வெளுத்துப்போவுது. சட்டைக்கு வச்சா மூஞ்சி கரியா இருக்கு.”

“நாளைக்கு சார் என்ன கத்துக்கிட்டேன்னு கேட்டா இதச் சொல்லு.”

“சொல்லிருவேன். எடிட்டிங்ல இன்னொண்ணும் கத்துக்கிட்டேன். கால் நடந்து வாரதே போதும்ட்டி, படம் அதுலயே ஆரம்பிச்சிருது. மூஞ்சி வேண்டாம். ஆனா எங்கப்பா நாளைக்கு சித்தப்பா, மாமான்னு எல்லாரையும் கூட்டிட்டுப் பாக்க வாராவளே.”

“ஏட்டி, இப்பமே சொல்லிரு. அங்கன வந்து எல்லாரும் மூஞ்சியத் தேடப் போறாவ.”

 ஜன்னலோரம் இருந்தவள் அப்போதே போன் செய்தாள்.

“அப்பா, படத்துல ஒங்க மூஞ்சி வரல. கால்தான் வருது.”

மறுமுனை பேசியதைக் கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு தோழியிடம் திரும்பினாள்.

“எந்தக் காலுன்னு கேக்காவ.”

இருவரும் இடைசெவலில் இறங்கினார்கள்.