எவர்சில்வரில் துரு

"எவர்சில்வர் துருப்பிடிச்சு நீ பாத்திருக்கியாலே? நான் பிடிக்க வச்சிருக்கேன்."

ராமேஸ்வரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். முன்கையெல்லாம் தீப்பொறி பட்ட தழும்பு. பக்கத்திலிருந்த அவருடைய நண்பர் சிரித்துவிட்டார்.

"இருபத்தஞ்சு வருசமா வெல்டிங் வைக்கிற. ஒனக்கா இந்தக் கதி?"

"அதெல்லாம் இரும்பு. எவர்சில்வர் இப்பத்தான பழகுறேன். உச்சிப்புளி பள்ளிவாசல் படிக்குக் கைப்பிடி வச்சுக் குடுத்தேன். இரும்பத் தேய்க்கிற பழைய பிரஷ்ஷாலயே அதையும் தேச்சுப்புட்டேன். பிரஷ்ல இருந்த இரும்புத்தூள் ஒட்டிக்கிருச்சு. உப்புக்காத்து வேற. பத்தே நாள்ல துரு. பெரியவர் ஒருத்தரு வெள்ளச் சட்டையில கறையாம். மட்டமான பைப்பப் போட்டு ஏமாத்திட்டேங்கிறாங்க."

"பைப்புக் கடைக்காரன் தலையில கட்டிரு."

"நான் பத்தவச்சுத் தேச்ச எடத்துல மட்டுந்தாம்லே துரு இருக்கு."

நண்பர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இப்ப என்ன செய்யப் போற?"

"துரு எடுக்குற பேஸ்ட் வாங்கியிருக்கேன். தடவிக் கழுவுனாப் போயிரும்."

"பெறகென்ன? ஆளில்லாத நேரமாப் பாத்துக் கழுவிட்டு வந்துரு."

"அஞ்சு வேளையும் ஆள் வார எடம்லே அது."

நண்பர் மறுபடி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

"எனக்கு இந்த வேல சரியாத் தெரியலன்னு அவங்ககிட்டச் சொல்லித்தான் ஆகணும். தொழிலுக்கு வந்ததுலருந்து அப்பிடி ஒரு வார்த்த யார்ட்டயும் சொன்னதில்ல."

நடத்துநர் உச்சிப்புளி என்று குரல் கொடுத்தார். இவர் எழுந்து, கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"நீயும் வாயேன்லே."

இன்னும் தள்ளி, மண்டபத்துக்கு டிக்கெட் எடுத்திருந்த நண்பரும் அவர் பின்னால் இறங்கினார்.