மேஸ்திரியை வண்டியில் ஏற்ற மாட்டோம்

நடு நாற்காலியில் அமர்ந்து, என்னை முறைத்தபடியே பேச அனுமதித்திருக்கும் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே! துணி பிழிந்து பிழிந்தே தோள் உரமேறிய பெரியவர்களே! இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் நின்று பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்களே! இந்தச் சலவைக்கூடத்தின் ஈரத்தை என்னோடு மிதிக்கும் தோழர்களே! வணக்கம்.

மேலாளர் ஐயா, இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார், ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். நம் கைகளில் வந்த அரிப்பு, கூடத்து நாயின் சொறியிலிருந்து ஒட்டிக்கொண்டதாம். நாளை அதை நாய் பிடிக்கும் வண்டியில் ஏற்றிவிட நாம் சம்மதிக்க வேண்டுமாம். எந்த நாயை? தொட்டி தொட்டியாகச் சுற்றிவந்து நம் வேலையைப் பார்ப்பதால் ‘மேஸ்திரி’ என்று நாம் பெயர் வைத்த நாயை! நம்மைத் திட்டாத ஒரே மேஸ்திரியை!

சிரியுங்கள், சிரித்துவிட்டுக் கேளுங்கள். காதும் பாதமும் வயிறும் சிவந்தபோதே கால்நடை மருத்துவரிடம் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த அம்மா தோலைச் சுரண்டிச் சோதித்துவிட்டு, “இது ஒட்டுற சொறி இல்லம்மா, ஒவ்வாமை. திங்கிறதுல இருக்கணும், இல்ல படுக்கிற இடத்துல இருக்கணும். என்ன போடுறீங்க?” என்றார். என்ன சொல்வேன்? ஆளுக்கொரு கோழித்துண்டு, ஆளுக்கொரு பிஸ்கட்! அன்பைக் கொட்டிக் கொட்டியே அதன் காதைப் புண்ணாக்கியிருக்கிறோம்.

அவர் சொன்னபடி இரண்டு மாதம் மீனும் உருளைக்கிழங்கும் மட்டுமே கொடுத்தோம். காது ஆறியது. பாதம் ஆறியதா? வயிறு ஆறியதா? இல்லை! என் வீட்டில் வைத்துக்கொண்டேன், ஆறியது. கூடத்துக்குத் திரும்பியது, மறுபடி சிவந்தது. இங்கே அப்படி என்ன இருக்கிறது? மூக்கைத் துளைக்கும் வாசனையோடு புதிதாக வந்திறங்கிய சலவைத்தூள் இருக்கிறது! தரையில் வழியும் அந்தத் தண்ணீரில் நாய் படுக்கிறது. அதே தண்ணீரில்தான் நாம் கையை விடுகிறோம்.

பின்வரிசையில் யார்? “அக்கா, வேலை போயிடும்க்கா!” என் வீட்டில் மட்டும் அடுப்பு எரிய வேண்டாமா தம்பி? எனக்கும் பயம்தான். பயந்துகொண்டே பேசுகிறேன். ஆனால் பேசுகிறேன்!

நாயை அனுப்பினால் அரிப்பு நிற்குமா? நாளை என் விரல் வெடித்தால் என்னையும் அதே வண்டியில் ஏற்றுவீர்களா? சம்மதிக்க மாட்டோம் ஐயா, மாட்டோம்! தூள் வெளியே போகட்டும், மேஸ்திரி உள்ளே இருக்கட்டும்!

தலைவர் அவர்களே, வாக்கெடுங்கள். தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கைதூக்குங்கள். உள்ளங்கையை முன்வரிசைப் பக்கம் திருப்பித் தூக்குங்கள். மேலாளர் ஐயா கண்ணாரப் பார்க்கட்டும்.

அண்ணே, எண்ணாதீர்கள். அந்தச் சிவப்பைப் பாருங்கள்.

வெந்த கைகளோடு வந்து கேட்ட உங்களுக்கு நன்றி. என் வெந்த கைகளைக் கூப்பி விடைபெறுகிறேன், வணக்கம்!