துக்கப் படிவமும் கடைசி அத்தியாயமும்

இந்த மேடையையும் அதன் ஒரே மின்விசிறியின் காற்றையும் ஒருசேர ஆண்டுகொண்டிருக்கும் அவைத்தலைவர், எங்கள் முன்னாள் மேலாளர் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! எனக்கு முன்பே பேசத் தொடங்கிவிட்ட பின்வரிசைத் தாய்மார்களே! பத்து நாவல்களில் நாற்பத்தொரு கொலைகள் செய்தும் எறும்பை மிதிக்காத எங்கள் எழுத்தாளர் அக்கா அவர்களே! வணக்கம்.

நான் அக்கா வேலை பார்க்கும் அலுவலகத்தின் தட்டச்சர். அங்கே அவருக்குப் பெயர் கொலைகார அக்கா.

இன்று வெளியாகும் அவருடைய புது நாவலில் வருவது ஒரு கொடுங்கோல் நாடு. அங்கே அழ வேண்டுமானால் படிவம் தர வேண்டும். எதற்கு அழுகை? எத்தனை நிமிடம்? ஓசையோடா, ஓசையின்றியா?

அதன் கைப்பிரதியை, அப்போது எங்கள் மேலாளராக இருந்த நம் தலைவர் படிக்க வாங்கினார். நாங்கள் நடுங்கினோம், அவர் நெகிழ்ந்தார். மறுவாரமே எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது துக்க விடுப்புப் படிவம்! சிரிக்காதீர்கள் அம்மா, நிரப்பியவர்கள் நாங்கள்.

ஒருநாள் தபால் பிரிவுத் தம்பியின் அப்பாவுக்கு மாரடைப்பு. கண்ணீரோடு விடுப்புக் கேட்டு நின்றான்.

"அழுறது தெரியுதுப்பா. பார்த்ததா ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா," என்றார் தலைவர்.

அக்கா எழுந்தார். நேரே தலைவரின் மேசை முன் போய் நின்றார்.

"சார், கதைய முழுசா படிச்சீங்களா?"

"பாதிதாம்மா. படிவம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"கடைசி அத்தியாயத்துல அதைக் கொண்டுவந்த அதிகாரிய கொன்னுடுறாங்க சார்."

"எங்க வச்சு?"

"கோப்பு அறையில."

"யாரு?"

"ஆபீஸ்ல எல்லார் மேலயும் சந்தேகம் சார்."

தலைவர் தலை நிமிர்ந்தார். நாங்கள் பன்னிரண்டு பேரும் பாசத்தோடு புன்னகைத்தோம்.

"நீ கிளம்புப்பா," என்றார். படிவம் இழுப்பறைக்குள் போனது, திரும்பவே இல்லை. அப்பா பிழைத்தார். அதோ, மூன்றாம் வரிசையில் நிம்மதியாக உறங்குகிறார்.

தலைவர் அவர்களே, ஓர் உண்மை. அப்படி ஓர் அத்தியாயமே அன்று இல்லை! அக்காவின் கதையில் அந்த அதிகாரிக்குக் கிடைத்தது பதவி உயர்வு. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அக்கா மூன்று நாள் விடுப்பெடுத்து உங்களைக்... மன்னிக்கவும், அவரைக் கொன்றார். அந்த முடிவோடுதான் நூல் இன்று வெளிவருகிறது. தண்ணீர் அருந்துங்கள் ஐயா.

கொடிய நாட்டை எதற்குக் கற்பனை செய்ய வேண்டும்? அது நம் மேசைக்கே வந்து உட்காரும்போது அடையாளம் தெரிய வேண்டாமா? தன் கற்பனையே ஒரு தம்பியைக் கலங்கவைத்தபோது, கதைதானே என்று ஒதுங்கினாரா? ஒளிந்தாரா? எழுதியவர் எழுந்தார்! எழுந்து நின்று திருத்தினார்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், இன்னும் நாற்காலியில் நீடிக்கும் தலைவருக்கும் நன்றி கூறி, அக்காவை வணங்கி விடைபெறுகிறேன்.